மலைக்குப் பழைய டயர்

புத்தூர், தை 20, வெள்ளி

ஞாயிறன்று மெட்ராஸ் ராஜ்யத்துச் சோழவரத்தில் கார் ரேஸ். போன வருஷம் என் வாடகைக் காரை இருந்த டயரோடே ஓட்டவிட்டார்கள். இந்த வருஷம் நான்கும் புதிதாக இருக்க வேண்டுமாம். என் மனைவி கனகாவின் வளையல் போய் டயர் வந்தது.

நாளை திருமலைக்கு ஏழு பேர் சவாரி. புதுசு தேய்ந்தால் ரேஸில் சேர்க்கமாட்டார்களே என்று சாயங்காலம் அதைக் கழற்றி, நூல் தெரியும் பழசை மாட்டினேன். கனகா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ரேசுல கார்ல எத்தினி பேரு இருப்பீங்க?”

“நான் ஒருத்தன்தான்.”

அவள் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். கண்ணை மூடினால் மலைப்பாதை வளைவுகள்தான் வருகின்றன.

டயர் மாற்றக் காரைத் தூக்கிய ஜாக்கியைக் கொட்டகையில்தான் வைத்தேன். இப்போது அது என் கட்டிலருகே இருக்கிறது.