பக்கத்து வீட்டுச் சர்க்கரை

பகாவ்,
ஆடி வெள்ளிக்கு மறுநாள்.

அன்புள்ள மகள் ரதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே ஏசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

கையில் ஒட்டினால் அங்கே உன் போனுக்கே அளவைக் காட்டும் என்று நீ அனுப்பிய சர்க்கரை பார்க்கும் வில்லை என் கையில் இல்லை. அதையும் அதோடு வந்த சின்ன போனையும் அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை சின்னம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு மாத்திரையோடு போகிறது, அவளோ ஊசி போடுகிறவள், தனிக்கட்டை, விரலைக் குத்திக் குத்திப் புண்ணாக்கி வைத்திருந்தாள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது நம் வீட்டுக்கு வந்தது எது அவள் வீட்டுக்குப் போகாமல் இருந்தது? நெத்திலிச் சம்பல் வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே, அவள் மரவள்ளி அவித்தால் பாதி இங்கே. நான் பால் மரம் சீவப் போனால் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாக்கொட்டகையில் நீ தூங்கியது அவள் மடியில்தான், சாயங்காலம் என்னிடம் வரமாட்டேன் என்று அழுவாய். அந்த நாளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு நம்மையெல்லாம் கலைத்த பிறகு எனக்கு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். நீ கூப்பிட்டு, ஏம்மா மத்தியானம் ஏறியிருக்கு, என்னா சாப்பிட்டே என்று ஏசும்போதெல்லாம் ஊமை போலக் கேட்டுக்கொண்டு, நேரே போய் அதே வார்த்தையில் அவளை ஏசிவிட்டு வருவேன். அவள் பாலும் சீனியும் போட்டு ஆற்றிய தே தாரேக்கை ஒளித்து வைப்பாள்.

நேற்று நீ அழுதுகொண்டே என் போனுக்குக் கூப்பிட்டு, அம்மா, ரொம்ப இறங்கிப்போச்சு, சீக்கிரம் சீனி போட்டுக் குடிம்மா என்றாய். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நல்லாத்தானே இருக்கேன்லா என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. போனைப் போட்டுவிட்டு ஓடினேன். காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, அம்மனுக்கு விரதம் என்று பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறாள். சமையல்கட்டில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி உட்கார்ந்திருந்தாள். சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, பிறகு கிளினிக்கிலும் காட்டினேன். கேட்காமல் இப்படி விரதம் இருக்கக் கூடாது என்று டாக்டர் நன்றாகத் திட்டினார். நீ கூப்பிடாமல் இருந்திருந்தால் அவள் இல்லை ரதி.

தெளிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். புள்ள எனக்காகவா அழுதுச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிள்ளை குட்டி இல்லாதவளிடம் நான் என்ன சொல்வேன், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. இன்னொன்று மறந்துவிடாதே, இனி ஏறினாலும் இறங்கினாலும் அவளையே கூப்பிட்டு ஏசு. அந்தச் சின்ன போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அம்மா,
விமலா