காவேரியின் ஜூன் மாதக் குரல்

4 பிப்ரவரி 2008, திங்கள்

பனி விலக ஒன்பது மணி. சாக்பீஸ் பிடிக்க விரல் வரவில்லை. பஸ் தாமதம், சோளக்காடு சந்தையில் மிளகு மூட்டை ஏற்றும் வரை நின்றுவிட்டது.

மலைக்குக் கீழே உள்ள கல்லூரியிலிருந்து கடிதம். 15ஆம் தேதி ஆங்கிலப் பேராசிரியை நேரில் வருகிறார். நம் ப்ளஸ் டூ பிள்ளைகளின் கம்ப்யூட்டர் ஃபோல்டர்களைப் பார்த்து இடம் தருவார்கள். ஒரு நாள் பரீட்சையை வைத்து அல்ல, ஒரு வருட வேலையை வைத்து. ஆளுக்கொரு ஃபோல்டர். அதில் கட்டுரையின் முதல் வரைவு, இரண்டாவது, மூன்றாவது; பாடச் சுருக்கம்; மைக்கில் பேசிப் பதிந்தவை. எங்கே தொடங்கி எதுவரை வந்திருக்கிறார்கள் என்பதுதான் மார்க்.

காவேரிக்கு இதை விட்டால் வழி இல்லை. எடப்புளி நாட்டு மலைக் கிராமத்துப் பெண். பரீட்சைத் தாளைப் பார்த்தால் கை நின்றுவிடும். அரையாண்டு ஆங்கிலம் ஃபெயில். இடம் கிடைக்காவிட்டால் அக்காவோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போக வேண்டியதுதான். அவளே சொன்னாள், அழாமல்.

செய்ய வேண்டியவை: லேப் ஒட்டடை. மைக் ஒயர். இருமல் மருந்து (எனக்கு).

7 பிப்ரவரி, வியாழன்

வெயில். மனசு மட்டும் இருட்டு.

ஃபோல்டர்களைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கட்டுரை, கடைசியாகத் திருத்தியது. முதல் வரைவுகள் இல்லை. பழைய பதிவுகள் இல்லை. வகுப்புத் தலைவி செல்வி பெருமையாகச் சொன்னாள்: "ரஃப் எல்லாம் எடுத்துட்டோமுங்க டீச்சர். ஃபேர் மட்டும் வெச்சிருக்கோம்."

அழித்ததெல்லாம் அந்தக் குப்பைத் தொட்டிப் படத்தில் கிடக்குமே என்று அதைத் திறந்தேன். காலி. இந்த வாரம் கூட்டுகிற குரூப்பின் வேலையாம். வகுப்புத் தொட்டியைத் தினம் கொட்டுகிறார்கள், இதையும் கொட்டிவிட்டார்கள்.

யாரைத் திட்ட? ரஃப் நோட்டு என் மேஜைக்கு வரக்கூடாது என்று பதினோரு வருஷமாகக் கத்துவது யார்? அடித்தல் இருந்தால் பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுத வைப்பது யார்? ஜூனில் ஒரே ஒரு முறை சொன்னேன், இதில் பழசு முக்கியம் என்று. அது எப்படி மண்டையில் ஏறும்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

8 பிப்ரவரி, வெள்ளி

தபாலாபீஸ் போனில் காதர் பாயைப் பிடித்தேன். சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் கடை. பொங்கல் லீவில் வந்து வைரஸ் எடுத்துக் கொடுத்தவர். நடந்ததைச் சொன்னேன். அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் துடைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சி.டி.யில் ஏற்றினேன் என்றார். உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் போனது: "கடை மாத்துனேனுங்க டீச்சர். எந்தப் பொட்டியில கெடக்குதோ, தேடித்தான் பாக்கோணும்."

11 பிப்ரவரி, திங்கள்

காதர் பாயிடமிருந்து தகவல் இல்லை. காலையில் கரண்ட் இல்லை. இருமல் இருக்கிறது.

மதியம் காவேரியும் இன்னும் நாலு பேரும் வந்து நின்றார்கள். பழைய வரைவுகளைப் பழையபடியே தப்போடு எழுதித் தரட்டுமா என்று கேட்டார்கள். அது ஏமாற்று, வேண்டாம் என்றேன். காவேரி தயங்கி, "நேத்தே எழுதிப் பாத்தோமுங்க. தப்பு வர மாட்டேங்குதுங்க டீச்சர்" என்றாள்.

சிரித்தேன். பிறகு லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். நாலு நாளில் முதல் நல்ல சேதி அதுதான். ஆனால் இதைப் பேராசிரியைக்கு எப்படிக் காட்டுவது?

13 பிப்ரவரி, புதன்

மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் பீரியடில் வாசலில் டி.வி.எஸ். சத்தம். காதர் பாய்! மலைப்பாதையின் எழுபது வளைவையும் அந்த வண்டியில் ஏறி வந்திருக்கிறார். சட்டைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மூன்று சி.டி.

சரியான சி.டி.தானா என்று பார்க்க வீட்டில் போட்டிருக்கிறார். குடும்பமே உட்கார்ந்து கேட்டதாம். "அந்தக் காவேரிப் புள்ள மொதல்ல வாயே தொறக்கலீங்க. பொங்கலுக்குள்ள அது பேசுன பேச்சக் கேட்டு எங்க ஊட்டுல அம்மாவே கண்ணத் தொடச்சுக்கிச்சு."

அவர் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

சாப்பிடச் சொன்னேன், கடை திறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஒரு சீப்பு மலைவாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டார். இந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும். அவர் கடை, அவர் அம்மா, அந்த லொடலொட டி.வி.எஸ். எல்லாம் நன்றாக இருக்க வேண்டும்.

15 பிப்ரவரி, வெள்ளி

லேசான வெயில். இருமல் குறைந்தது. புதுச் சேலை, இஸ்திரி போடாமல்.

பேராசிரியை கெடுபிடி இல்லாத பெண்மணி. பத்து மணிக்குத் தொடங்கினார். காவேரி முறை வர மதியமாகிவிட்டது.

ஜூன் பதிவு: பதினோரு விநாடி. பெயரைச் சொல்கிறாள். அப்புறம் மழைச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், அவ்வளவுதான்.

ஜனவரி பதிவு: ஆறு நிமிஷம். மிளகுக் கொடி ஏன் வாடுகிறது என்று அவள் ஊரிலேயே பார்த்து எழுதியது. காரணம் சொல்கிறாள், இரண்டு தோட்டங்களை ஒப்பிடுகிறாள், எனக்கு உறுதியாகத் தெரியாதது இது என்றுகூடச் சொல்கிறாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாற்றம். நிற்கவில்லை.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். ஜூனை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். இடம் உண்டு, திங்கட்கிழமை கடிதம் வரும் என்றார். செல்வி காவேரியின் முதுகில் ஒரு அறை வைத்தாள்.

சி.டி. வந்த கதையைக் காலையிலேயே சொல்லியிருந்தேன். கிளம்பும்போதுதான் பிள்ளைகளிடம் கேட்டார், இவ்வளவு நல்ல ஆதாரத்தை ஏம்மா அழித்தீர்கள் என்று. ரஃப், ஃபேர் கதையைச் சொல்வார்கள், மானம் போகும் என்று காத்திருந்தேன்.

காவேரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அத்தன தப்பப் பாத்தா எங்க டீச்சருக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலன்னு நீங்க நெனச்சுக்குவீங்கன்னுதானுங்க."

பேராசிரியை திரும்பி என்னைப் பார்த்தார். நான் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.