கோர்ட் கலையும் வரை

நேற்று அல்சூரில் ஒரு மண்டபத்தில் உன் படத்தைத் திறந்து வைத்தார்கள். படத்துக்கு அசல் சந்தன மாலை. ஃபேன் சுற்றும்போதெல்லாம் வாசனை என் வரிசை வரைக்கும் வந்தது. நீ கைக்குட்டையில் தடவிக்கொண்டு கோர்ட்டுக்கு வருவாயே, அதே வாசனை. கட்சிக்காரர்களின் வியர்வை உனக்கு ஆகாது. மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் உன்னைத் தராசு முள் என்றார்கள். தராசாவது, முள்ளாவது! என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். மாலை போட்டுக் கொண்டாடுகிற இடத்தில் சொல்ல முடியாததை உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

சட்டக் கல்லூரியில் நீ இப்படி இருக்கவில்லை. நாம் காபி குடிக்கும் தர்ஷினியில் மேஜை துடைக்கிற பெரியவர் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டார். முதலாளி அவருடைய ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். நீ கல்லாவுக்கு முன்னால் போய் நின்று, "டம்ளர் ஒடஞ்சா டம்ளர் காசப் பிடிங்க. ஆளோட ஒரு நாளை ஏன் பிடிக்கிறீங்க?" என்று கத்தினாய். உன் நண்பன் என்று சொல்லிக்கொள்ள அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் வக்கீலாகவே இருந்தேன். நீ மாஜிஸ்திரேட் ஆனாய். நம் ஊர்க் கோர்ட் வழக்கப்படி உன்னை 'மஹாஸ்வாமி' என்று கூப்பிட வேண்டியிருந்தது. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை.

ஸ்ரீராம்புரத்து செல்வம் என் கட்சிக்காரன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். சாப்பாட்டு டப்பாவில் செப்புக் கம்பித் துண்டுகளை வைத்து கேட்டில் மாட்டிக்கொண்டான். உன் முன்னால் குற்றத்தை ஒத்துக்கொண்டான். அன்று அவனுக்கு முன்னால் கூப்பிட்ட வழக்கில் அதே பொம்மசந்திராவில் இன்னொரு தொழிற்சாலையின் முதலாளி நின்றார். வேலை வேகமாக நடக்கட்டும் என்று பிரஸ் மெஷினின் தடுப்பைக் கழற்றச் சொன்னவர். அந்த மெஷினில் சிக்கி ஒரு தொழிலாளி செத்துப்போனான். அவரும் ஒத்துக்கொண்டார். நீ கொடுத்த தண்டனை அபராதமும், கோர்ட் கலையும் வரை காவலும். அதாவது, நீ பெஞ்சை விட்டு எழுந்திருக்கும் வரை அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கான்ஸ்டபிள் அவருக்கு ஃபேனுக்கு அடியிலேயே இடம் பார்த்துக் கொடுத்தார்.

செல்வத்தின் மனைவி காஞ்சனா வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார், அந்த ஓனரு ஏன் அங்க குந்தினுகிறாரு?"

"அதுதாம்மா அவருக்குத் தண்டனை."

"குந்தினு இருக்கறதா?"

"ஆமா. ஜட்ஜ் எழுந்து போற வரைக்கும்."

"அப்ப எங்க வூட்டுக்காரருக்கும் அதையே குடுக்கச் சொல்லுங்க சார். ஒரு நாள் பத்தாதுன்னா டெய்லி வந்து குந்துவாரு. சோறு நான் எடுத்தாந்து குடுத்துர்றேன்."

அவள் சொன்னதை அப்படியே உன் முன்னால் வைத்தேன். முதல் தப்பு, கம்பியும் திரும்பக் கிடைத்துவிட்டது, சட்டமும் தடுக்கவில்லை என்றேன். நீ சிரித்தாய். நீ சிரித்ததால் பெஞ்ச் கிளார்க்கும் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு இரண்டு வருஷம் என்றாய்.

அன்று மச்சினி வீட்டு நிச்சயதார்த்தம் என்று நீ மூன்று மணிக்கே எழுந்துவிட்டாய். முதலாளியின் தண்டனையும் அதோடு முடிந்தது. நீ காரில் ஏறுவதற்குள் அவர் தன் காரில் போய்விட்டார்.

அந்த நிச்சயதார்த்தத்துக்கு நானும் வந்தேன், உன்னைக் கேட்கத்தான். "டேய், ஒரு ஆள் செத்திருக்கான்டா," என்றேன். "அது நெக்லிஜென்ஸ். இவன் பண்ணது திருட்டு. சொசைட்டிக்கு ஒரு மெசேஜ் போக வேணாமா?" என்று சொல்லிவிட்டு, இலையில் இருந்த ஒப்பட்டுக்கு இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றச் சொன்னாய். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காஞ்சனா கேட்டதைப் பந்தி முழுக்க ஜோக்காகச் சொன்னாய், அவள் குரலிலேயே. எல்லாரும் சிரித்தார்கள். நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் கோர்ட்டுக்கு வெளியே உன்னோடு பேசவில்லை.

அப்பீல் போட ஜாமீன் கேட்டதற்கு, சொத்துப் பத்திரம் உள்ள ஆளைக் கொண்டுவா என்றாய். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? அப்பீலில் தண்டனையைக் குறைத்தபோது செல்வம் அந்தக் குறைந்த தண்டனையைவிட அதிகமாகவே உள்ளே இருந்து முடித்திருந்தான். வெளியே வந்தவனை எந்தத் தொழிற்சாலையிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊருக்குக் கொடுத்த பாடத்தை அந்த ஒரு குடும்பம்தான் படித்தது.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எதுவும் இல்லை. காஞ்சனா கேட்டதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். சின்னத் திருட்டு வழக்கு வரும்போதெல்லாம் அதையே கேட்கிறேன். பல மஹாஸ்வாமிகள் உன்னைப் போலவே சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு பெண் மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கடையில் பால் பவுடர் டப்பாவை எடுத்து மாட்டிக்கொண்ட ஒருத்தியின் வழக்கு. "யாகாகபாரது?" என்று கன்னடத்தில் என்னையே திருப்பிக் கேட்டார். ஏன் கூடாது என்று நானும் சொன்னேன். கோர்ட் கலையும் வரை காவல் என்று உத்தரவு போட்டார்.

அந்தப் பெண் பின்பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மத்தியானத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டு, "ஜெயிலுக்கு எப்ப சார் இட்டுனு போவாங்கோ?" என்று கேட்டாள்.

"இதுதாம்மா ஜெயில்," என்றேன்.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. செத்துப்போனவனாயிற்றே, உன்னைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அப்போதும் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.