வாய்ப்புண் என்றால் எந்தப் பக்கம்?

மார்ச் 3, திங்கள்
இன்றும் அதே கதை. ஒற்றைச்சொல் டாக்டர் நோயாளியின் குறிப்பில் "வாய்ப்புண்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். எந்த இடத்தில்? அடிக்கடி வருகிறதா? பல் உரசியதா, மருந்தால் வந்ததா? கோடிங் செக்‌ஷனில் நான் இன்சூரன்ஸ் பில்லுக்காக நோய்களுக்குப் போடும் கோட் எண் ஒவ்வொன்றுக்கும் வேறு. டாக்டர் எழுதாததை நானாக ஊகித்துப் போடக் கூடாது. போட்டால் இன்சூரன்ஸ்காரன் திருப்பி அனுப்புவான். கேள்விச் சீட்டு அனுப்பினேன். பதில் வந்தது: "ஆமாம், வாய்ப்புண்."
எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 4
மேனேஜர் அம்மா கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை டாக்டர்கள் மீட்டிங்ல நீயே பேசு. அவங்க மாறினா சரி. இல்லேன்னா உன்னை பில் கவுண்டருக்கு மாத்திடுவேன்."
பில் கவுண்டரா? நானா? பேசிக் கிழித்துவிடுகிறேன், பார்.

மார்ச் 5
எனக்கு வாய்ப்புண்.

மார்ச் 6
பேசினால் உயிர் போகிறது. வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "வீடு எவ்ளோ அமைதியா இருக்கு!" என்கிறார். டீயை வேண்டுமென்றே கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாரோ? ஆதாரமில்லை. ஊகிக்கக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி
மைக்கைப் பிடித்து "வா—" என்றேன். அவ்வளவுதான். கண்ணில் நீர் கொட்டியது. ஒற்றைச்சொல் டாக்டர் எழுந்து வந்து டார்ச் அடித்தார்.
"ஆ காட்டுங்க. ம்ம்... இடது கன்னத்துக்கு உள்ள. எத்தனை நாளா? முன்னாடி வந்திருக்கா? இல்லையா? கடைவாய்ப்பல் முனை உடைஞ்சிருக்கு, அதான் உரசுது."
அடப்பாவி மனுஷா! எல்லாம் தெரியுதே உனக்கு! எல்லாத்தையும் கேக்குற, பாக்குற. எழுத மட்டும் மாட்டேங்குற!
அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் போர்டில் எழுதினேன். பக்கத்தில், அவர் வழக்கமாக எழுதும் "வாய்ப்புண்". எல்லா டாக்டர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. போச்சு. பில் கவுண்டர்தான்.

மார்ச் 10
பல் டாக்டர் முனையை ராவிவிட்டார். வலி குறைந்து பேச்சு வந்துவிட்டது. வீட்டுக்காரர்தான் கொஞ்சம் வாடிப் போயிருக்கிறார்.

மார்ச் 12
ஒற்றைச்சொல் டாக்டரிடமிருந்து இன்னொரு நோயாளியின் குறிப்பு: "கீழுதட்டின் உள்பக்கம் வாய்ப்புண், இரண்டு. ஆறு மாதத்தில் மூன்றாவது முறை. பல் உரசல் இல்லை. மருந்து காரணமில்லை."
எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர்தான் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்:
"எழுதியவருக்குக் கைவலி. வலது கை. முதல் முறை. காரணம்: கோடிங் செக்‌ஷன்."