அப்பாவின் தொடையில் மோட்டார் டியூப்

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு, அம்மா எழுதுவது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கே உன் அப்பாவைத் தவிர எல்லாரும் சுகம். போனில் சொன்னால் அந்த மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயை அடைத்துவிடுவார், அதனால்தான் கடிதம்.

தேயிலை மேட்டில் சறுக்கி அறுந்த குதிகால் தசைநாரைத் தைத்த பிறகு, அப்பா வாரம் ஒருமுறை ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறார் அல்லவா, அங்கே பிசியோ பெண் தொடையில் ஒரு காற்றுப் பட்டையைக் கட்டி, மீட்டரைப் பார்த்து ரத்த ஓட்டத்தை அளவாகக் குறைத்து, ஒரு கிலோ எடையைத்தான் தூக்கச் சொல்கிறாள். தைத்த இடத்தில் பாரம் ஏறாமலே சதை தேறுமாம். உன் அப்பாவுக்கு அது கேவலமாகப் போய்விட்டது. “அம்பது கிலோ கொழுந்து மூட்டையத் தூக்கி லோரியில போட்டவனுக்கு ஒரு கிலோவா” என்று சிரித்தார். அறிவுள்ள ஆள் அந்தப் பெண்ணிடம் கேட்டிருப்பார், இவர் போய்க் கேட்டது செல்லையாவிடம். ரிங்லெட்டில் பஞ்சர் ஒட்டுகிறவன் பெரிய டாக்டர் மாதிரி, “பாம்பு கடிச்சா கட்டுறோமே, அதேதான் லா, நல்லா இறுக்குனா சீக்கிரம் தேறும்” என்று சொல்லி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் டியூபையும் கொடுத்தனுப்பினான். அவனுக்குத் தொடையும் டயரும் ஒன்றுதான்.

போன ஞாயிறு தொடையில் டியூபோடு டிவி முன்னால் முக்கால் மணி நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தார் இந்தப் பயில்வான். கால் விரல்கள் நீலமாகிவிட்டன. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் நான்தான் டியூபை அறுத்தேன். இப்போது பாதம் தொங்குகிறது, விரலைத் தூக்க முடியவில்லை. ஈப்போவில் காட்டியதில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம், மறுபடி சரியாக நடப்பாரா என்பது மூன்று மாதம் போனால்தான் தெரியுமாம். பத்து நிமிடம்தான், நானேதான் கட்டிக்கொண்டேன் என்று அந்தப் பிசியோ பெண்ணிடம் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்தார்.

யோகேஸ், கட்டியது நான். அவர் போட்ட முடிச்சு தளர்வாக இருந்தது, இதுகூடத் தெரியாதா என்று ஏசிவிட்டு முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டினேன். “வலிக்குது பவளம், கொஞ்சம் லூசாக்கு” என்று இரண்டு தடவை கேட்டார். ஆம்பளைதானே, பொறுத்துக்குங்க என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். இவ்வளவு நேரம் அவரை ஏசி எழுதினேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை நானும் ஈப்போவுக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். உண்மை தெரிந்தால்தான் அந்தப் பெண்ணால் அப்பாவின் காலுக்கு வழி பார்க்க முடியும். மாரியம்மன் உங்கள் இருவரையும் காப்பாற்றுவாள், நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவிடம் முடிச்சைப் பற்றி மட்டும் கேட்காதே. உன்னிடமும் எனக்காகப் பொய் சொல்வார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா பவளம்