பத்து கூட்டிக்குங்க மாமா

என் கணவருக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. உங்கள் விலா எலும்பு இன்னும் சேரவில்லை, இடது கண்ணில் ரத்தக்கட்டு கரையவில்லை என்று வக்கீல் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். இங்கே நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகிற ஜெயில் வார்டன் அண்ணனுக்கும் ஒரு வணக்கம். அவர் கண் நோகக்கூடாதே என்றுதான் இவ்வளவு திருத்தமாக எழுதுகிறேன்.

அந்த விபத்து வழக்கில் திங்கட்கிழமை உங்களை ஜாமீனில் விடுகிறார்களாம். கேட்டதும் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் உங்களைப் பார்க்க வந்த உங்கள் தம்பியிடம் நீங்கள் சொல்லி அனுப்பியது என் காதுக்கு வந்துவிட்டது. "அந்த டயர்க்கடைக்காரன்தான் என்னைக் கொலைகாரன் ஆக்கினான். அவன் கையை உடைச்சுப் போடு, மிச்சத்தை நான் வெளிய வந்து பார்த்துக்கறேன்" என்றீர்களாம். டயர்க்கடைக்காரனாம்! கல்யாணத்தன்று உங்கள் செருப்பை ஒளித்துவைத்துவிட்டு உங்களிடமே உதை வாங்கிய என் தம்பி உங்களுக்கு டயர்க்கடைக்காரன் ஆகிவிட்டான்.

உங்கள் தம்பி சொன்னதைச் செய்துவிட்டான். எப்படிச் செய்தான் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். "கை உடைந்தது" என்று ஒரு வரியில் கேட்டு மனம் குளிர விடமாட்டேன்.

என் தம்பி கடை வாசலில் மண்டியிட்டு ஒரு லாரிச் சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து முதுகில் ஒரு உதை. அவன் குப்புற விழுந்ததும் உங்கள் தம்பி அவன் மணிக்கட்டில் பூட்ஸ் காலை வைத்து மிதித்து, விரல்களை இரும்பு வளையத்தின் விளிம்பில் பரப்பி, ஜாக்கிக் கம்பியால் அடித்தான். ஒரு அடி இல்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்துப் பார்த்து அடித்தான். நாலு கடை தள்ளி சலவைக்கூடத்தில், இஸ்திரி மெஷின் இரைச்சலுக்கு நடுவில் வேலையாக நின்றிருந்த எனக்கே என் தம்பியின் அலறல் கேட்டது. ஓடினேன். "அண்ணி, குறுக்க வராதீங்க, இது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்றான். ஆம்பளைங்க சமாச்சாரம் என்றால் என் தம்பியை எழுந்து நிற்க விட்டல்லவா அடித்திருக்க வேண்டும். கீழே கிடந்த டயர் நெம்புகோலை எடுத்து உங்கள் தம்பியின் தோளில் போட்டேன். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் விழுந்த பிறகும் ஒன்று போட்டேன். என்னைப் பிடித்து இழுத்த டீக்கடைக்காரர் கையையும் கடித்திருக்கிறேன், அவர் பாவம்.

உங்கள் அம்மா என் வாசலில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். நான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பெற்ற வயிறு.

என் தம்பியின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தவிர எதுவும் உருப்படியாக இல்லை. கம்பி வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இனிமேல் நட்டு முடுக்குகிற கை இல்லை அது என்று டாக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. "அக்கா, மாமா முள்ளுல பத்து கூட்டலையா?" என்று கேட்டான். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் எல்லாம் விளங்கியது.

சலவை வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டிய அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன், நினைவிருக்கிறதா? சலவைக்கூடத்துச் சந்தில் மழைத்தண்ணீர் நின்றால் வண்டியின் வயிறு நனைகிறது, மூட்டைகளை ஏற்றினால் வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று நீங்கள்தான் புலம்பிக்கொண்டிருந்தீர்கள். பழசாகி உடைக்கக் கொடுத்த ஒரு ஜீப்பின் சக்கரங்களை என் தம்பி உங்களுக்காக எடுத்து வைத்திருந்தான். மாட்டி முடித்ததும் நீங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மாப்ள, சும்மா சிங்கம் மாதிரி நிக்குதுடா" என்றீர்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது என்னைக்கூட அப்படிச் சுற்றிப் பார்க்கவில்லை.

அப்போது நீங்கள் அந்தப் பக்கம் கம்ப்ரசரை ஓடவிட்டுக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் இந்தப் பக்கம் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் சொன்னது இது: "சக்கரம் பெரிசாயிட்டதால வேக முள்ளு இனிமே கம்மியாத்தான் காட்டும். முள்ளு அறுபதுன்னா நிஜத்துல எழுபது போறீங்கன்னு வச்சுக்குங்க. முள்ளு காட்டுறதோட பத்து கூட்டிக்குங்க மாமா." அவன் கடைசி வரிக்கு வந்தபோதுதான் கம்ப்ரசர் நின்றது. உங்கள் காதில் விழுந்தது அந்த வால் மட்டும்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் என்ன சொன்னீர்கள்? "உன் தம்பி கெட்டிக்காரன்டி. முள்ளு இனிமே கூடக் காட்டுமாம், பத்து கூட்டி ஓட்டுனாத்தான் சரியான வேகமாம்." எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும், தம்பியைப் புகழ்கிறீர்களே என்று உச்சி குளிர்ந்து நின்றேன்.

கூட்டிக்குங்க. கணக்கில் கூட்டச் சொன்னான். நீங்கள் வேகத்தில் கூட்டினீர்கள்.

வண்டிப் பரிசோதகர் என்னிடம் வாக்குமூலம் வாங்க வந்தபோது பொறுமையாக விளக்கினார். சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் முள்ளுக்குத் தெரியும். சக்கரத்தை மாற்றியது அதற்குத் தெரியாது, பழைய சக்கரத்தின் அளவை வைத்தே வேகத்தைக் காட்டும். பெரிய சக்கரமோ ஒவ்வொரு சுற்றிலும் முன்பைவிட அதிக தூரம் போய்விடும். நீங்களும் மகளும் கைகோத்துக் கடைக்குப் போவதை நினைத்துக்கொண்டேன். நீங்கள் எடுத்துவைக்கிற ஒரு எட்டை அவள் வைக்கிற சின்ன எட்டாக எண்ணினால் தூரம் குறைந்துதானே தெரியும்? போலீஸிடம் நீங்கள், "முள்ளு எழுபதுல இருந்துச்சு சார், அப்படின்னா நான் அறுபதுலதான் வந்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்களாம். எண்பதில் வந்திருக்கிறீர்கள்.

எண்பதில் வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் பார்க்கவில்லை, உங்கள் தலை ஸ்டீயரிங்கில் மோதி நினைவு தப்பிவிட்டது. தெருமுனையில் நின்றிருந்த நான் பார்த்தேன். அந்தப் பெயிண்டர் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு திருப்பத்தைக் கடந்துகொண்டிருந்தார். ஏணி உங்கள் முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்து, உங்கள் தலைக்கு அரை ஜாண் தள்ளி நின்றது. அவர் வண்டிக்கு அடியில் போனார். சிங்கம் மாதிரி உயரமாக நிற்கிற வண்டி அல்லவா, முழுசாக அடியில் போய்விட்டார். பின்கதவு தெறித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் தெரு முழுக்கக் கொட்டின. அவருடைய நீல பெயிண்ட் டப்பா அவற்றின்மேல் வெடித்தது. நீலத்தோடு சிவப்பும் கலந்து ஊறியது. நான் காலையில் இஸ்திரி போட்டு மடித்த விரிப்பை வைத்தே அவரை மூடினார்கள்.

அப்புறம் அவருடைய அண்ணன்தம்பிகள் வந்தார்கள். சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், கை ஒவ்வொன்றும் உலக்கை. கண்ணாடி வழியாகவே உங்களை வெளியே இழுத்தார்கள். அவர்களில் மூத்தவரான பெரியவர் உங்கள் நெஞ்சில் உட்கார்ந்து, உடைந்த ஏணிச் சட்டத்தால் அடித்தார். அடித்துக்கொண்டே, "என் தம்பியக் கூப்பிடுடா, எந்திரிக்கச் சொல்லுடா" என்று அழுதார். நான் உங்கள்மேல் குப்புற விழுந்து கிடந்தேன். என் இடுப்பில் விழுந்த உதை இன்னும் குனிய விடவில்லை. அன்றைக்கு அவர்களைக் கொலைவெறியர்கள் என்று நினைத்தேன். உங்கள் தம்பி ஜாக்கிக் கம்பியோடு வந்த பிறகு அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீழே எழுதுவது இரண்டு நாள் கழித்து.

தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது வார்டுக்குள் பெயிண்டரின் அண்ணன், அந்தப் பெரியவர் வந்தார். இடுப்பில் மூட்டைக் கொக்கி. நர்ஸ் தடுத்ததும் அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு நேராக வந்து, "தப்பு வேகம் சொல்லிக் கொடுத்தவன் எவன்?" என்று கேட்டார். உங்கள் வக்கீல் கோர்ட்டு வாசலில் பேசியது அவர் காதுக்கும் போயிருக்கிறது. கொக்கியை உருவிவிட்டார். என் கையில் இருந்தது கஞ்சிக் கிண்ணம் ஒன்றுதான். அதையாவது அவர் மூஞ்சியில் அடிக்கலாம் என்று எழுந்தேன்.

அவர் என் தம்பியின் கையைப் பார்த்துவிட்டார். ஊதி, கறுத்து, கம்பி நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, "இது யாரு பண்ணது?" என்றார். என் வீட்டுக்காரரின் தம்பி செய்தது என்றேன். கொக்கியைத் தாழ்த்தினார். "எனக்குன்னு அடிக்க ஒரு இடம் மிச்சம் வைக்கலையேம்மா நீங்க" என்றார். அதைக் கேட்டு என் தம்பி சிரித்தான், பாருங்கள், அந்த வலியிலும். இடது கை இருக்கு அண்ணே என்றான்.

அவரை உட்காரச் சொல்லி, சக்கரம் மாட்டிய அன்று நடந்ததை எல்லாம் சொன்னேன், கம்ப்ரசர் சத்தம் உள்பட. கூட்டிக்குங்க, கூட்டிக்குங்க என்று தனக்குள்ளேயே ரெண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம், "ஒரு வார்த்தைக்காடா என் தம்பி போனான்" என்று கத்திக்கொண்டு கொக்கியைச் சுவரில் ஓங்கிக் குத்தினார். காரை பெயர்ந்து என் தம்பியின் கட்டிலில் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து ஓடினார்கள். கொக்கி சுவரில் ஆழமாக இறங்கிவிட்டது. அவர் அதைப் பிடுங்கவும் பார்க்கவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் சுவரில்தான் தொங்குகிறது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கோர்ட்டில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் தம்பி எச்சரிக்கவே இல்லை என்று நான் சொன்னால் உங்கள் தண்டனை குறையும் என்று வக்கீல் நாசூக்காகச் சொன்னார். நான் சொல்லமாட்டேன். என் காதில் விழுந்ததை, முதல் பாதியையும் சேர்த்து, அப்படியே சொல்வேன். அதனால் உங்களுக்கு வருஷம் கூடலாம். கூடினால் நானும் மகளும் காத்திருப்போம். நீங்கள் வேண்டுமென்று யாரையும் கொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு என் தம்பிக்கு ஏதாவது ஆனால் அது காதில் பாதி விழுந்து செய்ததாக இருக்காது. அப்புறம் நான் உங்களுக்கு எழுத எதுவும் இருக்காது. வார்டன் அண்ணா, இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உங்கள்மேல் வெறுப்பு வந்திருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும். ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டால் மகள் இன்னமும் கதவுக்கு ஓடுகிறாள். நானும் அடுப்பைப் பற்றவைக்கக் கை நீட்டுகிறேன்.

என் தம்பியையும் இந்த வீட்டுக்குத்தான் கூட்டி வந்திருக்கிறேன். அவனுக்குச் சோறு ஊட்ட வேறு யாரும் இல்லை. நீங்கள் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அவன் பாய்தான். "மாமா வந்தா நான் எந்திரிச்சு நிக்கணும், இந்தக் கைக்கட்டு கண்ணுல பட்டா அவருக்குச் சங்கடமா இருக்கும்" என்று நேற்றிலிருந்து கையைத் துண்டால் மூடி மூடிப் பழகுகிறான். அவனுக்கு நீங்கள் சொல்லி அனுப்பியது தெரியாது. உங்கள் தம்பி தானாகத்தான் ஆத்திரப்பட்டு வந்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். நான் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

வெறுங்கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழமாவது இல்லாமல் நீங்கள் இந்தப் படி ஏறியதில்லை. இந்த ஒரு தடவை எனக்காகப் பழக்கத்தை விடுங்கள். வழியில் எங்கேயும் நிற்காதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். உங்கள் உடம்பு நல்லபடியாகத் தேறட்டும். வெறுங்கையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கப்போகிற
உங்கள் மனைவி