மூன்று கடதாசிப்பூச் சாடிகளும் நான் பிரிக்காத தாளும்

அன்பு மாறாத சண்முகம் அண்ணைக்கு,

முதலில் ஒரு செய்தி. உங்கள் கடதாசிப்பூச் செடி வெளியில் வந்துவிட்டது. இன்றைக்கு ஒன்பதாவது நாள். காலையில் வாசற்படியில் வைக்கிறேன், பொழுதுபட உள்ளே தூக்குகிறேன். உச்சியில் நாலைந்து சிவப்புக் கண்டிருக்கிறது. நீங்கள் தந்தது மூன்று சாடி. நான் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று இதற்குள் பிடித்திருப்பீர்கள்.

இதை எழுதுகிறது என் கை இல்லை. எட்மண்டனில் உங்கள் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, நான் சொல்லச் சொல்ல உங்கள் மனைவி யோகம் அக்கா எழுதுகிறார். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள், நீங்களும் நாலு வரி தாங்கோ என்று கேட்டார். ஓம் என்று சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. மலரைக் கையில் எடுக்கிற சனம் இன்றைக்குத்தான் அதை அறியப் போகிறது. கோயில் மண்டபத்தில் தமிழ்ப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தலையாட்டுகிற ராசனா என்று கேட்பார்கள். ஓம், அவன்தான்.

இரண்டாம் வகுப்பு முடிய முதல் என்னைப் புகையிலைத் தோட்டத்துக்கு இழுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு பொய்தான் என்னைக் காப்பாற்றியது. "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்." பாண் சுடுகிற பக்டரியில் பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து பெல்ட்டில் நின்றோம். பெட்டிகளை நான் நிறத்தாலும் இலக்கத்தாலும் பிடித்தேன். இலக்கம் எனக்கு நல்லாகத் தெரியும். வீட்டுக்கு வருகிற கடிதங்களை மனைவி பார்த்தாள். அவள் இருக்கும்வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்டரிச் சுவரில் புது அறிவித்தல் ஒட்டினால் நீங்கள் போய் நின்று சத்தமாகத் தமிழில் சொல்லுவீர்கள். "அண்ணைக்கு வாசிச்சுக் காட்டாட்டிச் சோறு செமிக்காது" என்று நான்தான் முதலில் நக்கலடித்தேன். வாத்தியார் என்று பட்டம் வைத்ததும் நான்தான். நீங்கள் சிரித்தீர்கள். வாசிக்கிறதை நிற்பாட்டவில்லை.

போன வருஷத்துக்கு முதல் வருஷம், குளிர் தொடங்கும் நேரம். உடம்புக்கு வருத்தம் கண்டு, எங்கள் செவன் கிங்ஸில் இருந்த வீட்டை விட்டு எட்மண்டனுக்கு மகளோடு இருக்கப் போனீர்கள். மகள் வீட்டில் வெளிச்சம் காணாது என்று உங்கள் மூன்று சாடிகளையும் காரில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தீர்கள். முள்ளுக் குத்தி உங்கள் விரலில் இரத்தம். அதைச் சூப்பிக்கொண்டே பேசினீர்கள்.

"ராசன், இதுகளுக்குக் குளிர் ஆகாது. முன்னறை யன்னலடியில வையும். மிச்சம் எல்லாம் இதில இருக்கு."

நாலாக மடித்த தாள் ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள். நான் என்ன செய்தேன்? சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தேன்.

"கண்ணாடி மேல கிடக்கு அண்ணை. ஆறுதலா வாசிக்கிறன்."

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "ஓம், ஆறுதலாப் பாரும்" என்றீர்கள். நீங்கள் போனதும் அந்தத் தாளைப் பிரிக்காமல் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினேன். பிரித்து என்ன பயன்? எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிறது மாதிரி. மனைவி போய்விட்டாள். மகன் நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன், தமிழ் பேசுவான், வாசிக்கமாட்டான். எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

மார்கழியில் இலை முழுக்கக் கொட்டியது. முள்ளும் தடியுமாக மூன்று சாடிகள். "அப்பா, இது செத்துப்போச்சு, எறிவமா?" என்று மகன் கேட்டான். நான் பயந்து ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றினேன். கம்பளம் ஊறினதுதான் மிச்சம். எப்படியோ பங்குனியில் துளிர்த்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தில் புத்தி போய்விட்டது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முதல் நாள் அக்கா போன் எடுத்தார். "வருசத்தண்டு அவருக்கு ஒருக்கா செவன் கிங்ஸ் பாக்கோணுமாம்." ஒரு கிழமையாக நல்ல வெயில். அண்ணை வந்து இறங்கும்போது சாடிகள் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புது வருஷத்துக்கு வைக்கிறது எதுவும் பிழைக்காது, அப்படித்தானே எங்கள் சனம் நினைக்கும். தொலைக்காட்சியில் சொன்ன நல்ல நேரம் பார்த்து, முழுகிவிட்டு, மூன்றையும் வெளியே தூக்கினேன்.

மகன் வாசலில் வந்து நின்றான்.

"இப்பவே வைக்கிறதோ அப்பா? மாமா தந்த பேப்பரில என்ன போட்டிருக்கு?"

"அதெல்லாம் வாசிச்சிட்டன். வருசத்தோட வைக்கச் சொல்லித்தான் கிடக்கு."

அண்ணை, நீங்கள் சொல்லாததை நீங்கள் சொன்னதாகச் சொன்னேன்.

உங்களுக்குக் காய்ச்சல், வரவில்லை. நாளைக்கு வருவீர்களோ என்று நான் சாடிகளை உள்ளே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய, கார்க் கண்ணாடிகளில் எல்லாம் உறைபனி வெள்ளை. துளிர் அத்தனையும் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கியது. தொட்டேன், விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமையே நீங்கள் போன் எடுத்தீர்கள். குரல் நல்லாக உள்ளே போயிருந்தது.

"கடதாசிப்பூ எப்பிடி ராசன்?"

"குலுங்கிப் பூக்குது அண்ணை. றோட்டால போறவை நிண்டு பாக்கினம்."

"உள்ளயோ, வெளியிலயோ?"

"உள்ளதான்."

"கெட்டிக்காரன். இன்னும் கொஞ்ச நாள் பொறும், பனி முழுக்கப் போகட்டும்."

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. வாய் திறந்தேனா? ஆஸ்பத்திரிக்கு நாலு தரம் வந்தேன். நாலு தரமும் கேட்டீர்கள், நாலு தரமும் பூத்தது. வைகாசிக் கடைசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு மனம் கேட்கவில்லை. தாளைக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "என்ன எழுதியிருக்கிறார் எண்டு வாசியுங்கோ அக்கா, நான் கேக்கோணும்" என்றேன். அக்கா தாளைப் பிரித்தார். மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதில எழுத்தே இல்லை."

படங்கள், அண்ணை. எல்லாம் படங்கள். 11 என்று மாத இலக்கம் போட்டு, யன்னலடியில் சாடி. 12க்கு இலையில்லாத தடி ஒன்று, அது சிரித்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் அரைக் குவளை தண்ணீர். 4க்கு வாசலில் சாடி, அதன் மேலே பெரிய பிழைக் குறி. 5இல் 25ஐச் சுற்றி வட்டம். சூரியனுக்குச் சாடி வெளியே, சந்திரனுக்கு உள்ளே. அடியில் தொந்தி வண்டி வைத்த ஒரு மனிசன், மூக்கில் பெரிய கண்ணாடி. அது நான்.

"அவருக்குக் கன காலமாத் தெரியும்" என்றார் அக்கா. "என்னையும் வாய் திறக்க விடேல்லை. பக்டரியில அறிவித்தல் ஏன் கத்தி வாசிச்சவர் எண்டு நினைக்கிறீங்கள்?"

ஒரு தரம் பிரித்திருந்தால் போதும். என் இரண்டு கண்ணுக்கும் விளங்கியிருக்கும். ஏன் அண்ணை ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை? கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவேன் என்று நினைத்தீர்களா? போயிருப்பேன்தான். அத்தனை வருஷம் நான் கண்ணாடியைத் தேடித் தேடி நடித்தபோது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா?

இரண்டு சாடிகளை அதற்கு முதலே எறிந்துவிட்டேன். மூன்றாவது பாரம் என்று விட்டது, கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. ஆடியில் அடித்தண்டில் அரிசி அளவு ஒரு பச்சை. அதைத்தான் போன குளிருக்கு முன்னறையில் வைத்தேன். உங்கள் தாள் யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. மார்கழியில் இலை கொட்டியது, நான் அரைக் குவளையோடு நிற்பாட்டினேன். சித்திரை வருஷத்துக்கு மகன் கேட்டான், "வெளியில வைப்பமா?" "எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா மாமா 25 எண்டு போட்டிருக்கிறார்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு வந்து படத்தைப் பார்த்தான். இரவு தேத்தண்ணீர் போட்டுத் தந்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணை. உயிரோடு இருக்கும்வரை ஐந்தாம் மாதம் இருபத்தைந்துக்கு முதல் இந்தச் சாடி வாசலைக் காணாது. கண்ணாடியை விட்டுவிட்டு வந்தேன் என்று இனி ஒருவருக்கும் சொல்லமாட்டேன். வாசித்துச் சொல்லுங்கோ என்று கேட்பேன்.

"அடியில என்ன போட?" என்று அக்கா கேட்கிறார். மூன்று எழுத்தை ஒரு துண்டில் போட்டுத் தரச் சொன்னேன், பார்த்துப் பார்த்து நானே போட்டிருக்கிறேன். எழுதினேன் என்று பொய் சொல்லமாட்டேன். நீங்கள் எனக்கு வரைந்தது போல நானும் உங்களுக்கு வரைந்தேன். கோணலாக இருந்தால் அச்சில் நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி